சர்வர் ரூமை மூடினால் பூமிக்கு என்ன மிச்சம்?

திருப்பூர், கோவை, ஈரோடு என்று எந்த ஊரின் நடுத்தரக் கம்பெனிக்குள் போனாலும் கணக்குப் பிரிவுக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே ஓர் ஒடுக்கமான அறை இருக்கும். உள்ளே ஒரு டவர் சர்வர், அதற்குத் துணையாக யூபிஎஸ், தரையில் நாலைந்து லெட்-ஆசிட் பேட்டரிகள், சுவரில் ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி. ரிமோட்டில் 18 டிகிரி வைத்திருப்பார்கள். இரவு, ஞாயிறு, தீபாவளி என்று எந்த விடுமுறையும் அந்த அறைக்குக் கிடையாது.

அந்த அறையின் கரண்ட் செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சர்வர் சராசரியாக 200 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 4.8 யூனிட். ஏசியின் கம்ப்ரஸர் ஓடும்போது ஒன்றரை கிலோவாட் எடுக்கும். நாளில் பாதி நேரம் ஓடினாலே 18 யூனிட். யூபிஎஸ்ஸில் சூடாக வீணாவது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். ஆக மொத்தம் நாளைக்கு 24 யூனிட், ஆண்டுக்கு 8,760 யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அப்படியானால் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்த ஒற்றை அறை ஆண்டுக்கு ஆறு டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 24க்குள் இருக்கும் பங்கீடு. கணக்கு பார்த்த இயந்திரத்துக்குப் போனது 4.8 யூனிட்தான். மீதி, அதாவது ஐந்தில் நாலு பங்கும் அதைக் குளிர வைப்பதற்கும் காப்பதற்கும் போயிருக்கிறது. ஏசி விரட்டும் வெப்பத்தில் சர்வரின் சூடு சிறு பகுதிதான். பெரும்பகுதி மேற்குச் சுவர் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் உள்ளே வரும் கொங்கு வெயில்.

கிளவுட் மென்பொருள் விற்க வருகிறவர்கள் இப்போது விலையோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ‘எங்களிடம் மாறினால் உங்கள் கார்பன் உமிழ்வு எண்பது, தொண்ணூறு சதவீதம் குறையும்.’ வெளிநாட்டு வாங்குநர்கள் சுற்றுச்சூழல் பற்றிக் கேள்வித்தாள் அனுப்பும் காலத்தில் இந்தப் பேச்சு நன்றாக எடுபடுகிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் ஆயிரம் நிறுவனங்கள் நிலைத்தன்மை அறிக்கை தரவேண்டும் என்று 2022-23ஆம் நிதியாண்டு முதல் செபி கட்டாயமாக்கிவிட்டது. அந்தப் பெரிய நிறுவனங்களுக்குச் சரக்கு கொடுக்கும் சிறியவர்களிடமும் அதே கேள்விகள் இறங்கி வருகின்றன. எனவே இந்த எண்பதும் தொண்ணூறும் எங்கிருந்து வந்தன, எப்போது உண்மை, எப்போது இல்லை என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சம் இருக்கிறது, அது பெரிய மிச்சம்தான். ஆனால் அது வருவது இரண்டே காரணங்களால்: பலர் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொள்வது, பழைய இயந்திரத்தை அணைப்பது. இந்த இரண்டும் நடக்காத இடத்தில் கிளவுடுக்கு மாறினாலும் புகை குறையாது. வேறோர் ஊருக்கு இடம் மாறும்.

ஆய்வுகளைப் பார்ப்போம். முதலில் பரவலாகப் பேசப்பட்டது 2010இல் அக்சென்ச்சர் நிறுவனமும் டபிள்யூஎஸ்பி நிறுவனமும் மைக்ரோசாஃப்டுக்காகச் செய்த ஆய்வு. மின்னஞ்சல், ஆவணப் பகிர்வு, வாடிக்கையாளர் மேலாண்மை ஆகிய மூன்று மென்பொருள்களைச் சொந்த சர்வரில் ஓட்டுவதையும் கிளவுடில் ஓட்டுவதையும் அது ஒப்பிட்டது. நூறு பேர் பயன்படுத்தும் சிறிய நிறுவனத்துக்கு 90 சதவீதத்துக்கு மேல் மிச்சம். பத்தாயிரம் பேர் உள்ள பெரிய நிறுவனத்துக்கு 30 சதவீதத்திலிருந்து 60 சதவீதம் வரை. விளம்பரங்களில் அந்த 90 மட்டும் நின்றுவிட்டது. ஆனால் இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் ஆய்வின் உண்மையான செய்தி. ஏற்கெனவே ஒழுங்காக நடத்தப்படும் பெரிய தரவு மையத்தைக் கிளவுடுக்கு மாற்றினால் கிடைக்கும் பலன் மிதமானது. மாடிப்படி அறையை மூடினால் கிடைப்பதுதான் பெரியது.

2013இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் இதையே ஒரு நாடு முழுவதற்கும் கணக்கிட்டது. அமெரிக்காவின் 8.6 கோடி அலுவலக ஊழியர்களும் மின்னஞ்சல், அலுவலக மென்பொருள், வாடிக்கையாளர் மேலாண்மை மூன்றையும் கிளவுடுக்கு மாற்றினால், அவற்றுக்காகும் ஆற்றலில் 87 சதவீதம் வரை குறையும், ஆண்டுக்கு 2,300 கோடி யூனிட் மிஞ்சும் என்பது முடிவு. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கூகுள். மைக்ரோசாஃப்ட், கூகுள் இரண்டுமே கிளவுட் விற்பவை என்பதால் இந்த எண்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பெர்க்லி ஆய்வாளர்கள் தங்கள் கணக்கு முறையை வெளிப்படையாகவே வைத்தார்கள். ஆனால் அது ஒரு ‘முடியும்’ கணக்கு. எல்லாரும் மாறினால், மாறிய அன்றே பழைய சர்வர் அணைக்கப்பட்டால் என்ற அனுமானத்தில் நிற்கிறது. நடைமுறையில் அப்படி நடப்பது அபூர்வம் என்பதற்குச் சான்று பிறகு வருகிறது.

சொந்த சர்வர் ஏன் இவ்வளவு வீணாக்குகிறது? இயந்திரம் மோசம் என்பதால் அல்ல. கூகுளின் பொறியாளர்கள் லூயிஸ் பரோசோவும் உர்ஸ் ஹோல்ஸ்லேயும் 2007இல் எழுதிய கட்டுரை இதை விளக்கியது. சர்வர்கள் பெரும்பாலான நேரம் தங்கள் திறனில் பத்திலிருந்து ஐம்பது சதவீதம் வரைதான் வேலை செய்கின்றன. ஆனால் எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும் சர்வர்கூட முழு வேகத்தில் இழுக்கும் மின்சாரத்தில் சுமார் பாதியை இழுத்துக்கொண்டிருக்கும். ஆளில்லாத பஸ்ஸை ஸ்டாண்டில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டிருப்பது போலத்தான் இது. பின்னர் வந்த சர்வர்கள் சும்மா இருக்கும்போது குறைவாகவே இழுக்கின்றன என்றாலும் அடிப்படை மாறவில்லை. நாற்பது பேர் உள்ள கம்பெனியின் சர்வர் காலை பத்து மணிக்கும் மாதக் கடைசியில் ஜிஎஸ்டி தாக்கல் நாட்களிலும் மூச்சுவாங்கும். மற்ற நேரமெல்லாம் சும்மாதான். நூறு கம்பெனிகளின் வேலையை ஒரே இயந்திரக் கூட்டத்தில் ஏற்றினால் ஒருவரின் ஓய்வு நேரம் இன்னொருவரின் வேலை நேரமாகிறது. கிளவுடின் சிக்கனம் பெரும்பாலும் இதில்தான் பிறக்கிறது.

குளிரூட்டலிலும் வேறுபாடு உண்டு. தரவு மையத்துக்குள் வரும் மொத்த மின்சாரத்தைக் கணினிகளுக்கு மட்டும் போகும் மின்சாரத்தால் வகுத்தால் வரும் எண்ணை இத்துறையினர் பி.யு.இ. என்கிறார்கள். 1 என்றால் ஒரு துளியும் வீணில்லை. அப்டைம் இன்ஸ்டிட்யூட் நடத்தும் ஆய்வுகளில் இதன் உலகச் சராசரி 2007இல் 2.5 ஆக இருந்து, 2024இல் 1.56 ஆக இறங்கியிருக்கிறது. கூகுளின் சொந்த மையங்களில் அது 1.1ஐ ஒட்டி நிற்கிறது. நாம் மேலே கணக்குப் போட்ட மாடிப்படி அறைக்கு அதே எண் 5 வருகிறது.

இதே அறையின் வேலை ஒரு நல்ல பகிர்வு மென்பொருளுக்குப் போனால், அந்தக் கம்பெனியின் பங்காகத் தொடர்ந்து 50 வாட் என்று தாராளமாகவே வைத்து, 1.5 பி.யு.இ.யும் சேர்த்தால் நாளைக்கு 1.8 யூனிட். 24 எங்கே, 1.8 எங்கே. விற்பனையாளர் சொன்ன தொண்ணூறு சதவீதம் இந்த இடத்தில் உண்மை.

ஆனால் ‘கிளவுட்’ என்று சந்தையில் விற்கப்படும் எல்லாமும் இப்படிப் பகிர்வது இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் கணக்கு மென்பொருளையோ, சேல்ஸ்ஃபோர்ஸையோ எடுத்துக்கொண்டால் ஒரே மென்பொருளை ஒரே இயந்திரத் தொகுதியில் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. நீங்கள் உள்ளே இல்லாத நேரத்தில் உங்களுக்கென்று எதுவும் தனியாக ஓடிக்கொண்டிருப்பதில்லை. மறுபக்கம், நம்மூரில் பரவலாக விற்கப்படும் ‘டேலி ஆன் கிளவுட்’ போன்ற ஏற்பாடு பெரும்பாலும் வேறு மாதிரி. டேலி அடிப்படையில் மேஜைக் கணினியில் ஓடும் மென்பொருள். அதை ஒரு வாடகை மெய்நிகர் சர்வரில் நிறுவி, தொலைவிலிருந்து திறந்து வேலை செய்கிறார்கள். அந்த வாடகை சர்வரின் நினைவகமும் செயலித் திறனும் வாடிக்கையாளருக்கென்று ஒதுக்கப்பட்டு இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருக்கும். அலுவலகம் பத்து மணி நேரம்தான். மீதிப் பதினாலு மணி நேரமும் முன்பு மாடிப்படிக்குக் கீழே நடந்த அதே வீண் இப்போது மும்பையின் ஏதோ ஒரு தரவு மையத்தில் நடக்கிறது, சற்றுக் குறைந்த அளவில். எங்கிருந்தும் வேலை பார்க்கலாம், தரவு பத்திரமாக இருக்கும் என்பதெல்லாம் நல்ல காரணங்கள். சுற்றுச்சூழல் மிச்சத்தைப் பொறுத்தவரை இது பாதி வழியில் நின்றுவிடுகிறது.

சும்மா ஓடும் சர்வர்களின் அளவு சிறியதல்ல. ஜொனாதன் கூமியும் ஜான் டெய்லரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த சர்வர்களில் முப்பது சதவீதம் ஆறு மாதமோ அதற்கு மேலோ எந்த வேலையும் செய்யாமல் மின்சாரம் மட்டும் குடித்துக்கொண்டிருந்தன. அணைத்தால் யாருக்காவது ஏதாவது நின்றுவிடுமோ என்ற பயம்தான் காரணம். கிளவுடுக்கு மாறும் நம்மூர்க் கம்பெனிகளிலும் இதே பயம் வேலை செய்கிறது. ‘பழைய வருஷக் கணக்கு அதில் இருக்கிறது, ஆடிட்டர் கேட்டால் வேண்டும்’ என்று பழைய சர்வரை ஓடவே விடுவார்கள். அதனுடன் ஏசியும் ஓடும். அப்போது 24 யூனிட் 1.8 ஆவதில்லை, 25.8 ஆகிறது.

சொந்த சர்வர் என்றாலே குற்றம் என்று நான் நினைக்கவில்லை. மேலே சொன்ன 24 யூனிட்டில் பெரும்பகுதி பழக்கத்தால் வந்தது. அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரே, சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்று பரிந்துரைக்கிறது. இன்றைய சர்வர்கள் பல 35 டிகிரி வரை தாங்கும்படியே தயாரிக்கப்படுகின்றன. 18இல் வைத்திருக்கும் ரிமோட்டை 26க்கு ஏற்றினாலே ஏசியின் வேலை கணிசமாகக் குறையும். இன்னும் ஒரு படி மேலே போகலாம். பத்துப் பேர் டேலியில் வேலை செய்யும் ஒரு கடைக்கு டவர் சர்வரே தேவையில்லை. முப்பது வாட்டுக்குள் ஓடும் ஒரு சிறிய கணினி, ஏசி இல்லாமல் மின்விசிறி ஓடும் அறையில், கடை திறக்கும்போது போட்டு மூடும்போது அணைத்தால் நாளைக்கு 0.3 யூனிட்தான் ஆகும். அன்றாட நகல் ஒன்று வெளியே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். இருபத்துநாலு மணி நேர வாடகை சர்வரைவிட இது சுற்றுச்சூழலுக்கு நல்லது. சிறிய தேவை, சிறிய இயந்திரம், வேலை முடிந்ததும் அணைப்பது என்ற மூன்றும் கூடினால் கிளவுட் வெல்வதற்கு அங்கே இடமே இல்லை. இந்த வழியைச் சொல்ல மட்டும் யாரும் வீடு தேடி வருவதில்லை, இதில் மாதச் சந்தா கிடையாது என்பதால்.

நடுவில் இன்னொரு வழியும் இருக்கிறது: சர்வர் சொந்தம், இடம் வாடகை. பேஸ்கேம்ப் மென்பொருளைத் தயாரிக்கும் 37சிக்னல்ஸ் நிறுவனம் 2022 அக்டோபரில் கிளவுடை விட்டு வெளியேறப் போவதாக அறிவித்து, அடுத்த ஆண்டே தன் மென்பொருள்களைச் சொந்த சர்வர்களுக்குக் கொண்டுவந்தது. காரணம் செலவு. ஆனால் அவர்கள் சர்வர்களை அலுவலகத்தில் வைக்கவில்லை, பலருக்கும் இடம் வாடகைக்கு விடும் தரவு மையத்தில் வைத்தார்கள். குளிரூட்டலும் மின்காப்பும் பகிரப்படுகின்றன, இயந்திரம் மட்டும் தனி. வேலை ஒரே சீராக, கணிக்கக்கூடிய அளவில் இருக்கும் நிறுவனத்துக்கு இது சுற்றுச்சூழல் கணக்கிலும் மோசமில்லை.

இதுவரை யூனிட்டுகளைப் பற்றிப் பேசினோம். அந்த யூனிட் எங்கே, எப்போது உற்பத்தியானது என்பது அடுத்த கேள்வி. இந்தியாவில் ஒரு யூனிட்டுக்கு 700 கிராம் கரியமில வாயு என்றால், நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் மிகுந்த சுவீடனில் அது 50 கிராமுக்கும் கீழே. அப்படியானால் நம் கணக்குகளை அங்கே கொண்டுபோய் வைக்கலாமே என்று தோன்றும். முழுமையாக முடியாது. 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட நிறுவனச் சட்ட விதிகளின்படி கணக்குப் புத்தகங்களின் நகல் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் சேமிக்கப்பட வேண்டும். பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018இலேயே சொல்லிவிட்டது. ஆகவே நம் வணிகத்தின் கணக்கு மும்பையிலோ சென்னையிலோ ஐதராபாத்திலோதான் பெரும்பாலும் இருக்கப்போகிறது. இந்திய மின்தொகுப்பின் நிலக்கரியும் அதோடு வரப்போகிறது.

‘நாங்கள் நூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் பயன்படுத்துகிறோம்’ என்ற அறிவிப்பைப் பல நிறுவனங்களின் இணையதளத்தில் பார்க்கலாம். இதில் பெரும்பாலானவை ஆண்டுக் கணக்கு. ஆண்டு முழுவதும் பயன்படுத்திய யூனிட்டுக்கு ஈடாக அதே அளவு காற்றாலை, சூரிய மின்சாரத்தை எங்காவது வாங்கியிருப்பார்கள். தமிழ்நாட்டை வைத்துப் பார்த்தால் இதன் குறை சட்டென்று புரியும். முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலைகள் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை கொட்டிக் கொடுக்கும். கமுதியின் சூரியத் தகடுகள் பகலில் கொடுக்கும். ஜனவரி இரவு ஒன்பது மணிக்கு இரண்டுமே ஏறக்குறைய இருக்காது. அப்போது தரவு மையத்துக்கு வருவது பெரும்பாலும் மின்தொகுப்பின் அனல் மின்சாரம். அது எரியும் இடத்தில் சாம்பலும் விழுகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆறும் எண்ணூர்க் கழிமுகமும் பட்ட பாடு பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயம். ஆண்டுக் கணக்கில் சமன் செய்யப்பட்ட சான்றிதழ் எண்ணூர் மீனவர்களுக்கு எந்த நிவாரணமும் தராது. கூகுள் 2017 முதல் ஆண்டுக் கணக்கில் நூறு சதவீதத்தை எட்டிவிட்டது. அது போதாது என்று உணர்ந்துதான் ஒவ்வொரு மணி நேரமும், அந்தந்த மின்தொகுப்பிலேயே சமன் செய்வதை 2030க்கான இலக்காக வைத்தது. எனவே சப்ளையரிடம் கேட்க வேண்டிய சரியான கேள்வி ‘பசுமை மின்சாரமா’ என்பது மட்டுமில்லை, ‘எந்த ஊரில், எந்த மணி நேரத்தில்’ என்பதும்தான்.

மின்சாரத்துக்கு அடுத்தது தண்ணீர். அதைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. பழைய மாமல்லபுரம் சாலையின் ஐடி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னதற்குக் காரணம் அன்று கொரோனா அல்ல, கழிவறையில் தண்ணீர் இல்லாதது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் ரயிலில் தண்ணீர் வந்தது. கடலடிக் கேபிள்கள் சென்னைக் கடற்கரையில் கரையேறுவதால் அதே சாலையின் சிறுசேரியிலும், அம்பத்தூரிலும்தான் இன்று தரவு மையங்கள் வரிசையாக எழுகின்றன.

குளிரூட்டும் கோபுரத்தில் நீரை ஆவியாக்கி வெப்பத்தை வெளியேற்றினால் மின்சாரம் குறைவாகச் செலவாகும், தண்ணீர் போகும். மூடிய சுழற்சியில், காற்றால் குளிரும் சில்லர்களை வைத்தால் தண்ணீர் மிஞ்சும், மின்சாரம் கூடும். சென்னை போன்ற வெக்கையும் ஈரப்பதமும் சேர்ந்த ஊரில் இரண்டும் விலை அதிகம். வெறும் பி.யு.இ. எண்ணை மட்டும் பார்த்து ஒரு மையத்தைப் பாராட்டினால், அது ஏரித் தண்ணீரைக் கொடுத்து வாங்கிய எண்ணாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் தி டேல்ஸ் என்ற சிறு நகரம் இதை அனுபவித்தது. அங்கே கூகுள் தரவு மையம் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று ஒரு நாளிதழ் கேட்டபோது, வணிக ரகசியம் என்று சொல்லி நகர நிர்வாகமே நீதிமன்றம் போனது. பிறகு 2022 இறுதியில் எண்கள் வெளியாயின. 2021இல் நகரின் மொத்த நீர்ப் பயன்பாட்டில் கால் பங்குக்கு மேல் அந்த ஒரு நிறுவனத்துடையது. சொந்த சர்வர் ரூமின் ஏசி நேரடியாகத் தண்ணீர் குடிப்பதில்லை. அது இழுக்கும் மின்சாரத்துக்காக அனல்மின் நிலையத்தில் ஆவியாகும் நீரையும் சேர்த்தால் கணக்கு மாறும் என்றாலும், ஒரே ஊரின் நீரில் அந்தச் சுமை குவிவதில்லை. குவிவதுதான் இங்கே பிரச்சினை.

இயந்திரங்களின் பிறப்பிலும் இறப்பிலும் ஆகும் சேதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். டெல் நிறுவனம் தன் ஆர்740 சர்வருக்கு வெளியிட்ட வாழ்நாள் கணக்கில், மொத்த உமிழ்வில் ஏறத்தாழ பாதி அதைத் தயாரிக்கும்போதே நடந்துவிடுகிறது. அதிலும் பெரும்பங்கு எஸ்எஸ்டி சேமிப்பகங்களால். அது ஐரோப்பிய மின்சாரத்தை வைத்துப் போட்ட கணக்கு. நிலக்கரி மிகுந்த இந்தியாவில் ஓடும்போது ஆகும் பங்கு கூடும், தயாரிப்பின் பங்கு குறையும். ஆகவே பழைய சர்வரைத் தேயும்வரை ஓட்டுவதே நல்லது என்ற வாதம் சுவீடனில் பொருந்தும் அளவுக்கு இங்கே பொருந்தாது. பெரிய கிளவுட் நிறுவனங்கள் சர்வர் ஆயுளை நாலு ஆண்டிலிருந்து ஆறு ஆண்டு வரை நீட்டித்தன. மைக்ரோசாஃப்ட் 2022இல், கூகுள் 2023இல், அமேசான் 2024இல். ஆனால் செயற்கை நுண்ணறிவின் வேகத்தைக் காரணம் காட்டி அமேசான் 2025இல் ஒரு பகுதி சர்வர்களுக்கு மறுபடி ஐந்து ஆண்டாகக் குறைத்துவிட்டது. கழிவைப் பொறுத்தவரை 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டது 22.3 சதவீதம். பெரிய தரவு மையத்தின் பழைய சர்வர் பெரும்பாலும் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போகிறது. மாடிப்படி அறையின் யூபிஎஸ் பேட்டரி பழைய இரும்புக் கடைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். அங்கே ஈயத்தை உருக்குகிறவர்களின் உடம்பில்தான் அது முடிகிறது. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளரே திரும்பப் பெற வேண்டும் என்கின்றன. பேட்டரி மாற்ற வருகிறவரிடம் பழையது எங்கே போகிறது என்று கேட்டு ரசீது வாங்க வேண்டியது நம் வேலை.

கடைசியாக, எல்லாவற்றையும் புரட்டிப்போடக்கூடிய கேள்வி. ஒவ்வொரு கணக்கும் சிக்கனமாக நடந்தால் மொத்தம் குறையுமா? எரிக் மாசனெட்டும் சக ஆய்வாளர்களும் 2020இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை நம்பிக்கை தந்தது. 2010 முதல் 2018 வரை தரவு மையங்கள் செய்த வேலை 550 சதவீதம் கூடியது. அவை எடுத்த மின்சாரமோ 6 சதவீதம்தான் கூடியது. சிறு அறைகளை மூடிப் பெரிய மையங்களுக்குப் போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் மூடவேண்டிய அறைகள் குறையக் குறைய அந்த மிச்சமும் வற்றிவிடும். அதே நேரத்தில் செயற்கை நுண்ணறிவு வந்தது. பெர்க்லி ஆய்வகத்தின் 2024 அறிக்கைப்படி அமெரிக்கத் தரவு மையங்கள் 2023இல் எடுத்தது 17,600 கோடி யூனிட், அந்நாட்டின் மின்சாரத்தில் 4.4 சதவீதம், 2028இல் அது 6.7 முதல் 12 சதவீதம் வரை போகலாம். அயர்லாந்தில் 2015இல் 5 சதவீதமாக இருந்த தரவு மையங்களின் பங்கு 2023இல் 21 சதவீதமாகி, அந்நாட்டு நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து எடுப்பதைத் தாண்டிவிட்டது. 2024இல் வெளியிட்ட அறிக்கைகளில் கூகுள் தன் உமிழ்வு 2019ஐவிட 48 சதவீதமும், மைக்ரோசாஃப்ட் 2020ஐவிட 29 சதவீதமும் கூடியதாக ஒப்புக்கொண்டன.

வணிக மென்பொருளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இன்வாய்ஸ் போடும் மென்பொருளில் இன்று கேட்காமலேயே உதவியாளர் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. மின்னஞ்சலைச் சுருக்கித் தருகிறேன், அறிக்கை எழுதித் தருகிறேன் என்கிறது. நம் வேலைக்கு அது உதவினால் நல்லது. உதவாத இடத்தில் அணைத்து வைக்கும் வசதி இருக்கிறதா என்பது இனி மென்பொருள் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று. கிளவுடில் இடத்துக்கு முடிவே தெரியாததால் பத்தாண்டு பழைய பில் ஸ்கேன்களும் ஒரே கோப்பின் ஏழு நகல்களும் அப்படியே தங்கிவிடுகின்றன. சொந்த சர்வரின் டிஸ்க் நிரம்பும்போது யாராவது உட்கார்ந்து பழையதை அழிப்பார்கள். அந்த ஒழுங்கு கிளவுடிலும் தேவை.

என்னிடம் ஒரு கம்பெனி முதலாளி யோசனை கேட்டால் இப்படித்தான் சொல்வேன். ஏசி போட்ட அறையில் சர்வர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது, ஆட்கள் இருபது முதல் இருநூறு வரை என்றால் உண்மையான பகிர்வு மென்பொருளுக்கு மாறுங்கள். ஒப்பந்தம் போடும் நாளிலேயே பழைய சர்வரை அணைக்கும் தேதியையும் எழுதி வையுங்கள். பழைய கணக்குகளை ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்துப் பூட்டி வைத்தால் ஆடிட்டருக்கு அது போதும். வாடகை சர்வர்தான் வழி என்றால் இரவு எட்டு மணிக்குத் தானாக அணைந்து காலையில் எழும்படி அமைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான சேவைகளில் அந்த வசதி இருக்கிறது, மாத வாடகையும் குறையும். கடை சிறியது என்றால் சிறிய கணினியோடு இருங்கள். ஆயிரம் பேருக்கு மேல் உள்ள ஆலை, ஏற்கெனவே ஒழுங்கான தரவு மையம் வைத்திருக்கிறது என்றால் அவசரப்படாதீர்கள். முதலில் சும்மா ஓடுகிறவற்றைத் தேடி அணையுங்கள், ஏசியை ஏற்றுங்கள், கூரையில் சூரியத் தகடு போடுங்கள்.

இதற்கு மேல் தனி நிறுவனத்தின் கையில் இல்லை. தன் கணக்கு ஓடும் மையம் எவ்வளவு மின்சாரமும் தண்ணீரும் எடுக்கிறது என்று நாற்பது பேர் கம்பெனி ஒன்று கேட்டால் யாரும் பதில் சொல்லப்போவதில்லை. அரசு கேட்டால்தான் நடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 500 கிலோவாட்டுக்கு மேற்பட்ட தரவு மையங்கள் தங்கள் மின்சாரம், நீர் உள்ளிட்ட எண்களை 2024 முதல் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. ஜெர்மனி 2023இல் இயற்றிய சட்டம், 2026 ஜூலை முதல் திறக்கும் மையங்களுக்கு 1.2 பி.யு.இ. என்று வரம்பு வைத்து, வெளியேறும் வெப்பத்தில் ஒரு பகுதியை மறுபடி பயன்படுத்தவும் சொல்கிறது. சென்னையின் வெயிலில் 1.2 எளிதல்ல, வெப்பத்தை இங்கே யாருக்கு விற்பது என்பதும் கேள்விதான். ஆனால் எண்களை வெளியிடுவதற்கு வெயில் தடையில்லை. தமிழ்நாடு 2021இல் தரவு மையக் கொள்கையை வெளியிட்டு முதலீட்டாளர்களை அழைத்தது. அதை அடுத்து திருத்தும்போது, சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் உள்ள ஒவ்வொரு மையமும் மாதந்தோறும் எத்தனை யூனிட் எடுத்தது, எத்தனை லட்சம் லிட்டர் எடுத்தது, அந்தத் தண்ணீர் ஏரியிலிருந்தா, கடல்நீர்ச் சுத்திகரிப்பிலிருந்தா, மறுசுழற்சி செய்த கழிவுநீரிலிருந்தா என்று பொதுவில் வைக்க வேண்டும் என்ற ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும். திருப்பூரிலிருந்து கணக்கை அங்கே அனுப்புகிறவரும், அதே சாலையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கிறவரும் ஒரே பட்டியலைப் பார்க்க முடிய வேண்டும்.